ஒரு கணிப்பொறியும் பல விலாசங்களும்

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகம், 1986-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘எர்னெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பில் முதற்கண் இடம்பெற்ற எட்டு நிலையங்களுள் ஒன்றாகும். மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் இலாகா, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் இதனை மேற்கொண்டது. நம் நாட்டு ஆராய்ச்சியாளரிடையே மின்னஞ்சல் பரவுவதற்கு வழிகோலியவற்றுள் இது முக்கியமானது.

இத்தகைய வளாகத்தின் மின்னஞ்சல் சர்வர் இரு திசைகளை நோக்கியிருத்தல் வேண்டும். ஒருபுறம் உள்ளேயிருக்கும் ஆய்வுக்கூடங்கள், மறுபுறம் வெளியுலகம். ஆகவே ஒரே கணிப்பொறிக்கு உள்விலாசம், வெளிவிலாசம் என இரண்டு விலாசங்கள் அமைவதுண்டு. கணிப்பொறி தனக்குத்தானே பேசிக்கொள்வதற்கு 127.0.0.1 என்னும் விலாசமும் உளது. இவற்றுள் எவற்றில் சர்வர் அஞ்சலுக்குக் காத்திருத்தல் வேண்டும்?

1982-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. விதிகளின்படி, அஞ்சலுக்குரிய போர்ட் எண் 25. விலாசத்தைத் தபால் நிலையக் கட்டடத்திற்கு ஒப்பிட்டால், போர்ட் என்பது அதிலுள்ள ஒரு ஜன்னல் எனலாம். இன்ன விலாசத்தின் இன்ன ஜன்னலில் காத்திருப்பதாகச் சர்வர் கணிப்பொறிக்கு முன்னரே அறிவிக்கிறது. அவ்வாறு அறிவிக்கப்படாத விலாசத்திற்கு வரும் தொடர்பு மறுக்கப்படுகிறது. 0.0.0.0 என்று அறிவித்தால், பழைய நான்காம் பதிப்பு முறையில் அக்கணிப்பொறிக்குள்ள விலாசங்கள் அனைத்தையும் அது குறிக்கும்.

பல லினக்ஸ் தொகுப்புகளில் மின்னஞ்சல் சர்வர் முதலில் 127.0.0.1-இல் மட்டுமே காத்திருக்கும். வெளியிலிருந்து கடிதம் வராதபோது முதலில் ஆராய வேண்டியது இதுவே. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருளில் ‘ஐநெட் இன்டர்ஃபேஸஸ்’ என்ற வரியில் வேண்டிய விலாசங்களை வரிசையாக எழுதலாம். இவ்வரியை மாற்றியபின் சர்வரை முற்றிலும் நிறுத்தி மீண்டும் இயக்குதல் அவசியம். அமைப்பை மறுபடி வாசிக்கச் செய்வது மட்டும் போதாது.

எல்லா விலாசங்களையும் திறந்துவிடுவது எளிதன்றோ எனலாம். எளிதுதான், ஆயினும் அபாயமும் உண்டு. எங்கே காத்திருப்பது என்பது ஒரு வினா. யாருடைய கடிதத்தை யாருக்கு அனுப்ப இசைவது என்பது வேறொரு வினா. இரண்டாவதற்கு விதி வகுக்காமல் வெளிவிலாசத்தைத் திறந்தால், அந்நியர் எவரும் அச்சர்வரின் வழியே குப்பை அஞ்சல்களை உலகெங்கும் அனுப்பக்கூடும். அதன் விளைவாக அவ்விலாசம் தடைப்பட்டியல்களில் ஏறிவிட்டால், வளாகத்தினரின் நேர்மையான கடிதங்களும் பிற சர்வர்களால் மறுக்கப்படும். வெளிவிலாசத்தின் 25-ஆம் போர்ட்டில் நம் வளாகத்தினருக்குரிய கடிதங்களை மட்டும் ஏற்பதும், வெளியே அனுப்ப விரும்பும் நம்மவரிடம் 587-ஆம் போர்ட்டில் கடவுச்சொல் கேட்பதும் தக்க ஏற்பாடாகும்.

ஆறாம் பதிப்பு விலாசங்கள் பரவிவரும் இந்நாளில் மற்றொன்றையும் கருதவேண்டும். பெயர்ப் பதிவேட்டில் புதிய விலாசத்தை அறிவித்துவிட்டுச் சர்வரை அதில் காத்திருக்கச் செய்யாவிடில், அதனை நாடிவரும் இயந்திரங்கள் மறுக்கப்படும், கடிதம் தாமதமாகலாம்.

எனவே, அமைத்தபின் ‘எஸ்.எஸ்.’ என்னும் லினக்ஸ் கட்டளையால் எந்தெந்த விலாசங்கள் திறந்துள்ளன என்று காண்க. பின்னர் வளாகத்திற்கு வெளியேயுள்ள ஒரு கணிப்பொறியிலிருந்தும் சோதித்தறிக. உள்ளிருந்து பார்ப்பவருக்குத் திறந்ததாகத் தோன்றும் ஜன்னல், வெளியே நிற்பவருக்கு மூடியிருக்கக்கூடும்.