மகளுக்கு ஒரு பெயர்: புதுமையும் பொருளும்

பிறந்த குழந்தையின் கைப்பட்டையில் முதலில் எழுதப்படுவது அதன் பெயரன்று; தாயின் பெயரும் ‘பெண் குழந்தை’ என்னும் குறிப்புமே. தடுப்பூசி அட்டையும் பெரும்பாலும் அவ்வாறே தொடங்குகிறது. ஆகவே வீடு திரும்புமுன் பெயரை முடிவு செய்தாக வேண்டும் என்று பதற்றம் கொள்ளத் தேவையில்லை. பிரசவ அயர்ச்சியில் இருக்கும் தாய்க்கும் இதில் ஒரு சொல் உண்டு என்பதை நினைவில் வைத்து, சில நாள்கள் பொறுத்துத் தேர்ந்தெடுப்பதே நலம்.

வகுப்பறையில் வேறு எவருக்கும் இல்லாத பெயர், சுருக்கமாகவும் நாகரிகமாகவும் ஒலிக்கும் பெயர் வேண்டுமென்று இன்றைய பெற்றோர் பலர் விரும்புகின்றனர். அவ்விருப்பத்தில் குறையேதும் இல்லை. ஆனால் கைப்பேசிப் பட்டியல்களில் தேடுமுன் நம் ஊரைச் சற்றே நோக்கலாம். அண்ணாமலையாருடன் உறையும் உண்ணாமுலையம்மையின் வடமொழிப் பெயர் அபீதகுசாம்பாள். அதன் முற்பகுதியே ‘அபிதா’ என்னும் அழகிய பெயராயிற்று. லா.ச.ராமாமிர்தத்தின் புதினம் ஒன்றும் அப்பெயர் தாங்கியது. அம்மையின் பெயரில் வரும் ‘அபீத’ என்பதற்கு ‘உண்ணப்படாத’ என்பது பொருள். ‘அச்சமற்றவள்’ என்று பலர் கூறுவது, ஒலியால் நெருங்கிய வேறொரு வடசொல்லின் பொருள். பட்டியலில் கண்ட பொருளை அப்படியே ஏற்காமல், அறிந்தவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

மணிவாசகர் திருவெம்பாவையை இத்தலத்தில் பாடினார் என்பது மரபு. ‘பாவை’ என்ற இரண்டெழுத்துப் பெயர் இன்றும் புதிதாகவே ஒலிக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். குவளை, ஆம்பல், தளவம், மௌவல் என அதில் வரும் பெயர்கள் பல, பெண்மகவுக்குச் சூட்டத் தக்கவை.

அரிய பெயருக்கு ஓர் இடரும் உண்டு. பாரியின் மகளிர் இருவரை அங்கவை, சங்கவை என்று பிற்கால மரபு அழைக்கிறது. தந்தையை இழந்த அவர்களைக் காத்த கபிலரின் நினைவாக, நமக்கு அண்மையிலுள்ள திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று நிற்கிறது. அத்தகைய பெயர்களை 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ திரைப்படம் நகைச்சுவைக்குப் பயன்படுத்தியது. தமிழார்வலர் பலர் வருந்தினர். பெயரின் பின்னுள்ள கதையை அறிந்த குழந்தை கேலிக்கு எளிதில் கலங்காது. ஆகவே பெயரோடு அதன் கதையையும் மகளுக்குக் கொடுங்கள்.

புதுமை என்பது எப்போதும் அன்பின் அடையாளமன்று. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற ஆசையால் ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்று பெயரிடும் வழக்கம் தமிழகத்தின் சில ஊர்களில் இருந்தது. மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் ‘நகுசா’ என்ற பெயரைச் சுமந்த 285 பெண்களுக்கு, 2011 அக்டோபரில் நடந்த விழாவில் புதுப்பெயர்கள் சூட்டப்பட்டன. பெற்றோரின் ஏமாற்றத்தை ஒரு பெண் தன் பெயராகச் சுமக்க நேர்வது கொடிது. ‘நீ எங்களுக்கு வேண்டியவள்’ என்று சொல்வதே பெயரின் முதற் கடமை.

இனி நடைமுறை. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். மருத்துவமனையில் நிகழும் பிறப்பை மருத்துவமனையே பதிவாளருக்குத் தெரிவிக்கும். பெயர் முடிவாகாவிடினும் பதிவு நிகழும். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். குழந்தை பிறந்த இடத்துப் பதிவாளரையே இதற்கு அணுக வேண்டும். தாய்வீடு வேறூரில் இருப்பினும் அதுவே விதி. 2023 அக்டோபர் 1ஆம் நாளும் அதற்குப் பின்னரும் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், கடவுச்சீட்டு ஆகியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எனவே இதனைத் தள்ளிப்போட வேண்டாம்.

எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவோர், அதே எழுத்துகளை எல்லா ஆவணங்களிலும் பிழையின்றி எழுத நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் ஓரெழுத்து மாறினாலும் பின்னாளில் அலைச்சல் மகளுக்கே. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும் என்பதையும் இப்போதே கருதுங்கள். தொட்டிலில் பாட்டி அழைக்கும் பெயர் வேறாக இருக்கலாம். பதிவேட்டில் ஒன்றே இருக்கட்டும்.

தேர்ந்த பெயரைத் தமிழில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பின் வாசலில் நின்று அழைப்பதுபோல் உரக்கச் சொல்லிப் பாருங்கள். எழுதவும் அழைக்கவும் எளிதாய், கேட்கும்போது மகிழ்வு தருவதாய் அமைந்தால், அதுவே உங்கள் மகளுக்குரிய பெயர்.