சுவரில் முதுகு முட்டிய பின்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடொன்றை ஒரே படத்துள் அடக்க முயன்றவர்கள் இந்த இடர்ப்பாட்டை அறிவார்கள். நடுவிலே வானம் பார்த்த முற்றம். நாற்புறமும் தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரை, தூண்கள், விறாந்தை. ஒரு மூலையில் நின்று கமராவைக் கண்ணருகே கொண்டு சென்றால் எதிரே இரண்டு தூண்களும் ஓர் அறைக்கதவுமே தெரியும். ஓரடி பின்வாங்குவோம். இன்னும் ஓரடி. அப்பால் முதுகு சுவரில் முட்டிவிடும். இனிப் பின்வாங்க இடமில்லை. கமராவின் பார்வையைத்தான் அகலப்படுத்த வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாட்டனார் கட்டிய வீட்டைப் பிரித்துவிட்டுப் புதுவீடு எழுப்புவதெனக் குடும்பத்தார் முடிவுசெய்தபோது, பழைய வீட்டைப் படம்பிடித்து வைக்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. கல்லூரியிலே ஒளியியல் கற்பிக்கும் எமக்குப் படம்பிடித்தலும் கைவந்த கலையாயிருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதைப் பின்னர் சொல்வோம்.

எம்மிடமிருந்த சிறு கமராவுக்குப் பொருந்தும் வில்லையொன்றை நண்பரொருவர் இரவலாகத் தந்தார். யப்பானிய ஒலிம்பஸ் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட 9–18 மில்லிமீற்றர் சூம் வில்லை அது. மடக்கிய நிலையில் அதன் நீளம் ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நிறை 155 கிராம். நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றின் நிறைகூட இராது. இத்துணைச் சிறிய பொருள், மூலைக்கு மூலை அளந்தால், 100 பாகை அகலமான காட்சியை உள்வாங்குகின்றது. பழைய பிலிம் கமராக்களோடு வழக்கமாக வந்த 50 மில்லிமீற்றர் வில்லையின் பார்வை ஏறக்குறைய 47 பாகையே என்பதை நினைந்தால் இதன் பெருமை விளங்கும்.

வில்லையின் குவியத்தூரம் குறையக் குறையப் பார்வை அகலும் என்பது மாணவர் அறிந்த பாடம். ஆனால் எத்துணை அகலும் என்பது, படம் விழும் தளத்தின் பருமனையும் பொறுத்தது. பிலிமின் சட்டகம் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. நாம் சொல்லும் சிறு கமராவின் ஒளியுணரியோ 17.3 மில்லிமீற்றர் நீளமும் 13 மில்லிமீற்றர் அகலமுமே கொண்டது. ஆகவே இங்கே 9 மில்லிமீற்றர் வில்லை செய்யும் வேலையைப் பிலிமில் செய்ய 18 மில்லிமீற்றர் வில்லை வேண்டும்.

அகன்ற பார்வைக்கான ஆசை நேற்று முளைத்ததன்று. 1859 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயரான தோமஸ் சட்டன் என்பவர், தடித்த இரு கண்ணாடி ஓடுகளுக்கு இடையே நீரை நிரப்பி ஓர் உருண்டை வில்லையை ஆக்கினார். படம் விழும் கண்ணாடித் தகட்டையும் அவர் வளைக்க வேண்டியிருந்தது! 1900 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் கேர்ட்ஸ் நிறுவனம் ஹைப்பர்கன் என்னும் வில்லையை வெளியிட்டது. அதன் பார்வை 130 பாகைக்கும் மேற்பட்டது. எனினும் ஓரங்களில் ஒளி மங்கிற்று. நடுவிலிருந்து 50 பாகை சாய்ந்து வரும் ஒளிக்குக் கணக்கின்படி நடுவொளியின் ஆறிலொரு பங்கே எஞ்சும். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் வேடிக்கையானது. வில்லையின் முன்னே நட்சத்திர வடிவான சிறு தகடொன்றைப் பொருத்தினார்கள். இறப்பர்க் குமிழை அமுக்கினால் காற்று வந்து அதனைச் சுழற்றும். சுழலும் தகடு நடுப்பகுதியின் ஒளியைத் தடுத்திருக்க, ஓரங்கள் தமக்குரிய பங்கைப் பெறும். நாற்சார் வீடுகளின் முற்றத்தில் எவரேனும் அதனைச் சுழற்றிப் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணுகின்றோம்.

பிற்காலத்தில் தடையாய் வந்தது ஆடி. ஒற்றை வில்லைக் கமராவினுள்ளே, வில்லைக்கும் பிலிமுக்கும் நடுவில், சாய்வான ஆடியொன்று இருந்து காட்சியைக் கண்ணுக்கு அனுப்பும். படமெடுக்கும் கணத்தில் அது மேலெழ வேண்டும். அது எழுந்தாட இடம் விடவேண்டுமாதலால் வில்லையைப் பிலிமுக்கு அண்மையில் வைத்தல் இயலாது. குவியத்தூரம் குறைந்த வில்லையோ அண்மையில் இருக்கவே விரும்பும். 1950 ஆம் ஆண்டில் பிரான்சியரான பியர் அஞ்செனியே இதற்கு ஒரு வழியைக் கமராவுக்குக் கொண்டுவந்தார். முன்னே குழிவான கண்ணாடிகளை வைத்து ஒளியை முதலில் விரித்து, பின்னர் குவித்தால், வில்லை விலகி நின்றும் அகலப் பார்க்கும். வழி நல்லதுதான், ஆனால் முன்கண்ணாடி பருக்கும், நிறை ஏறும். 2007 இல் வந்த நிக்கோன் 14–24 மில்லிமீற்றர் வில்லை 114 பாகை பார்க்கும் பேராற்றல் வாய்ந்தது. அதன் நிறை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். கழுத்தில் தொங்கவிட்டுக் கோயில் வீதியைச் சுற்றி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2008 ஆம் ஆண்டில் ஒலிம்பஸ், பனசொனிக் ஆகிய இரு நிறுவனங்களும் ஆடியை அறவே நீக்கிய புதுமுறையொன்றை அறிவித்தன. வில்லை பொருந்தும் விளிம்புக்கும் ஒளியுணரிக்கும் இடையிலிருந்த 38.67 மில்லிமீற்றர் தூரம் 19.25 மில்லிமீற்றராகச் சுருங்கியது. இதன் பயனை அறிய நல்லதோர் ஒப்பீடு உண்டு. ஆடியுள்ள கமராவுக்கென 2008 இல் ஒலிம்பஸ் செய்த வில்லையும் 9–18 மில்லிமீற்றர்தான். அதே பார்வை, அதே பருமனான ஒளியுணரி, அதே ஒளிவாய். அதன் நிறை ஏறக்குறைய 280 கிராம். முன்வாயிற் பொருத்தும் வடிகண்ணாடியின் விட்டம் 72 மில்லிமீற்றர். ஆடி நீங்கிய பின் வந்த 2010 ஆம் ஆண்டு வில்லையிலோ 155 கிராமும் 52 மில்லிமீற்றரும். கையில் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்வன என்று நம்புதல் அரிது.

சிறியதை விரும்புதல் அந்த நிறுவனத்தின் பழைய குணம். 1959 இல் பிலிம் சட்டகத்தைப் பாதியாக்கிப் பென் என்னும் சட்டைப்பைக் கமராவையும், 1972 இல் ஓ.எம். கமராவையும் வடித்த மைத்தானி யொஷிஹிசா அங்கேதான் இருந்தார். ஒலிம்பஸ் தனது கமராத் தொழிலை 2021 இல் வேறு நிறுவனமாகப் பிரித்துவிட்ட பின்னரும், இந்த வில்லையின் இரண்டாம் பதிப்பு ஓ.எம். சிஸ்டம் என்னும் பெயரில் 2024 இல் வெளிவந்தது.

சிறுமைக்கு விலையில்லாமல் இல்லை. ஒளிவாய் எஃப் 4 இலிருந்து 5.6 வரைதான், பொழுதுபட்ட பின் அறைக்குள் இது திணறும். விளிம்பில் வளையும் நேர்கோடுகளை வில்லை தானே முழுதும் திருத்துவதில்லை. கமராவினுள் இருக்கும் கணிப்பான் நிமிர்த்திக் கொடுக்கின்றது. இதனைக் கள்ளக்கணக்கு என்று குறைகூறுவோர் உளர். தூண் நேராக நின்றால் போதும் என்பது எமது கட்சி. இன்னுமொன்று: மடக்கிய வில்லையை இழுத்து விரித்தாலொழியக் கமரா படமெடுக்க மறுக்கும். அதை அறியாமல் நாம் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்க, திண்ணையிலே அமர்ந்திருந்த பெரியம்மா பொறுமையோடு சிரித்தபடியே இருந்தார்.

பெரியம்மாவுக்கு அப்போது எண்பத்தைந்து வயது. அந்த வீட்டிலே பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். முற்றம் முழுவதும் படத்தில் விழவேண்டுமென்ற ஆசையால், 9 மில்லிமீற்றரில் வைத்து, அவரைச் சட்டகத்தின் வலது ஓரத்தில் இருத்திப் பல படங்கள் எடுத்தோம். முற்றம் அழகாக விழுந்தது. அன்றிரவு படங்களைக் காட்டியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“தம்பி, இது நானோ? முகம் பூசணிக்காய் மாதிரியெல்லே கிடக்கு!”

பிழை வில்லையினது அன்று. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த வில்லையும் ஓரத்திலுள்ள உருண்டையான பொருளை வெளிநோக்கி இழுத்தே தீரும். 9 மில்லிமீற்றரில், பக்க ஓரத்தில் இருக்கும் தலையொன்று தன் உயரத்துக்கு இயல்பாய் இருக்கவேண்டியதிலும் ஏறக்குறைய 1.4 மடங்கு அகன்று தோன்றும். 18 மில்லிமீற்றரில் இது 1.1 மடங்களவே. சுவருக்கும் கதவுக்கும் இந்த நீட்சி உறுத்தாது, முகத்துக்கு உறுத்தும். கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய கணக்கு முற்றத்தில் நின்றபோது எமக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆதலால் கல்யாண வீட்டிலோ பாடசாலையிலோ கூட்டமாக நிற்போரை எடுப்பவர்கள், இடமிருந்தால் பின்னே சென்று 18 மில்லிமீற்றரில் எடுக்கட்டும். இடமில்லையேல் முதியோரையும் பிள்ளைகளையும் நடுவில் நிறுத்தி, ஓரங்களைத் தூணுக்கும் மரத்துக்கும் விடட்டும். கமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் பின்னோக்கிச் சாயும். மட்டமாகப் பிடித்தல் வேண்டும். அருகிலுள்ளது மிகப் பெரிதாகவும் தூரத்துள்ளது மிகச் சிறிதாகவும் தெரிவதால் வெறும் நிலத்தை முன்னே விட்டால் படம் பாழாகும். ஒரு செம்போ துளசிமாடமோ முன்னே இருந்தால் கண்ணுக்குப் பற்றுக்கோடாகும்.

மறுநாள் விடியுமுன் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே சென்றோம். முதல்நாள் நாம் திரும்பிய பின் வேலையாட்கள் வந்து தென்புறத்து ஓடுகளை இறக்கத் தொடங்கியிருந்தனர். அவர்கள் வருவதற்குள் முற்றத்தின் நடுவே கதிரையைப் போட்டு அவரை இருத்தி, வில்லையை 14 மில்லிமீற்றர் அளவில் வைத்து, மட்டம் பார்த்து மூன்று படங்கள் எடுத்தோம். முகம் அவருடைய முகமாகவே இருக்கின்றது. அவருக்குப் பின்னே கூரையிருந்த இடத்தில் வெறும் வளைகளும் அவற்றினூடே வெளுக்கும் வானமும் தெரிகின்றன.