எலும்புப்புரை: வாரம் ஒரு மாத்திரையும் ரமலான் நோன்பும்

வயதான தாய்மார்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த செய்தி வடகரையில் நமக்குப் புதிதல்ல. விழுந்ததால் முறிந்தது என்கிறோம். பல நேரங்களில் அந்த எலும்பு முன்பே உள்ளுக்குள் சல்லடையாகியிருக்கும். வலி ஏதும் இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை.

எலும்பு கரைவதைக் கட்டுப்படுத்தும் ஈஸ்ட்ரோஜன், மாதவிடாய் நின்றதும் குறைந்துவிடுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே அது நின்றுவிடுகிறது. டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று பொருள். மூட்டுத் தேய்மானம் வேறு நோய். கால்சியம், வைட்டமின் டி இரண்டும் தேவைதான். ஆனால் எலும்புப்புரைக்கு அவை மட்டும் போதாது. குற்றாலத்து மூலிகை எண்ணெய் தேய்ப்பதற்கு இதமாக இருக்கும், எலும்பைக் கெட்டியாக்காது.

மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது அலெண்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் எதையும் உண்ணாமல், படுக்காமல், குனியாமல் இருக்க வேண்டும். டீயோடு குடித்தால் மருந்து உடலில் சேராது. குடித்துவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். ஆகவே ஃபஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு விழுங்குவதே வசதி. ருகூ, ஸஜ்தாவுக்குக் குனிய வேண்டியிருக்காது. கால்சியம் மாத்திரையை அந்த நேரத்தில் சேர்க்காமல், பிறகு உணவோடு எடுத்துக்கொள்ளலாம்.

ரமலான் வந்ததும் சிலர் இந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஸஹருக்கு அரைமணி நேரம் முன்பே எழுந்து விழுங்கிவிட்டு, உட்கார்ந்து திக்ரு செய்யலாம், பிறகு சாப்பிடலாம். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருடத்திற்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆசிட் உண்டு. அதை ரமலான் அல்லாத மாதத்தில் வைத்துக்கொண்டால் நோன்பு பற்றிய கேள்வியே எழாது. இந்த மருந்துகளுக்கு முன் சிறுநீரகப் பரிசோதனை அவசியம்.

டெனோசுமாப் ஊசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை. இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். வெளிநாட்டிலிருக்கும் மகன் பணம் அனுப்பத் தாமதமானது என்று உம்மாவின் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். செலவு கட்டாதென்றால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

பல் பிடுங்கப் போனால் இந்த மருந்துகளைப் பற்றிப் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தொடையில் புதிதாக வலி வந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.