சிகுவாடெரா மீன் நஞ்சு

சிகுவாடெரா என்பது பவளப்பாறைப் பகுதிகளில் வாழும் சில மீன்களை உண்பதால் ஏற்படும் உணவு நஞ்சாதல் ஆகும். மீன் கெட்டுப்போவதால் இது வருவதில்லை. அன்று பிடித்த மீனிலும் இந்நஞ்சு இருக்கலாம்.

தோற்றம்

காம்பியர்டிஸ்கஸ் என்னும் நுண்ணுயிர் கடற்பாசிகளின் மேல் வாழ்கிறது. பாசியை மேயும் சிறு மீன்கள் வழியாக அதன் நஞ்சு, அவற்றை இரையாக்கும் களவா, செப்பிலி, சீலா போன்ற பெரிய மீன்களில் சேர்கிறது. தலை, ஈரல், குடல், சினை ஆகியவற்றில் இது மிகுதி.

அறிகுறிகள்

சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படும். உதடும் கைகால்களும் மரத்துப்போகும். குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோல் தோன்றுவது இதன் தனி அடையாளம். நரம்புத் தொல்லைகள் வாரக்கணக்கில் நீடிக்கலாம். முறிமருந்து இல்லை, அறிகுறிகளுக்கே சிகிச்சை அளிக்கப்படுகிறது. இறப்பு அரிது.

இந்தியாவில்

2016-இல் மங்களூரில் செப்பிலி இன மீனை உண்ட பலர் பாதிக்கப்பட்டனர். லுட்ஜானஸ் போகர் என்னும் செப்பிலி வகையில் இந்நஞ்சு இருப்பதைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் உறுதிசெய்துள்ளனர்.

தற்காப்பு

வேகவைத்தாலும், வறுத்தாலும், கருவாடாக்கினாலும், உறையவைத்தாலும் நஞ்சு அழியாது. நிறம், மணம், சுவை எதுவும் மாறாது. எனவே செவுளின் சிவப்பைப் பார்த்து வாங்கும் வழக்கம் இங்கே உதவாது. மிகப் பெரிய பாறை மீன்களையும் அவற்றின் தலை, ஈரல், சினையையும் தவிர்ப்பதே பாதுகாப்பு. அறிகுறி தோன்றினால், உண்ட மீன் எதுவென்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.