முட்டையின் தொழிலை யார் செய்வது?

முட்டை சேராத கேக்கைக் கேக்கென்று கொள்ளலாமா என்னும் வினா எம்மவர் வீடுகளில் அடிக்கடி எழுவதொன்று. கேட்போர் பெரும்பாலும் அதனை வினாவாகக் கேட்பதில்லை, தீர்ப்பாகவே சொல்லிவிடுகின்றனர். "பரவாயில்லை, சாப்பிடலாம்" என்னும் அரைமனப் பாராட்டோடு துண்டத்தை வாங்கிக்கொள்வர். முட்டைக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம் என்று தேடுவோரும் அத்தீர்ப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் அடுப்படிக்குள் நுழைகின்றனர்.

இது சமையலறைக்குள் அடங்கிவிடும் சிறு விடயமன்று. பிறந்தநாள் கேக் என்பது வீட்டார் அனைவரும் ஒரே தட்டில் கைவைக்கும் பண்டம். மரக்கறி உணவே கொள்ளும் முதியவருக்கும், முட்டை ஒவ்வாத குழந்தைக்கும் அந்தத் தட்டு எட்டாமற் போகிறது. அவர்களுக்கென்று தனியாக ஒரு வாழைப்பழமோ பிஸ்கற்றோ கொடுத்து நாம் மனநிறைவு கொண்டுவிடுகிறோம்.

முட்டைக்கு ஈடான பொருள் எது என்று தேடுமட்டும் விடை கிடையாது என்பது என் எண்ணம். முட்டை அந்தக் கலவைக்குள் இருந்துகொண்டு என்ன தொழில் செய்கிறது என்றல்லவா முதலிற் கேட்கவேண்டும்? ஓடு நீக்கிய கோழிமுட்டை ஏறத்தாழ 50 கிராம் நிறையுடையது. அதில் முக்காற் பங்கு வெறும் நீர். எஞ்சிய காற் பங்குதான் அத்தனை வித்தைகளையும் செய்கிறது. வெண்கருவின் புரதம் அடிக்க அடிக்கக் காற்றைத் தன்னுள் சிறைப்பிடிக்கும். மஞ்சட் கருவிலுள்ள லெசிதின் என்னும் பொருள், பட்டரையும் நீரையும் பிரியவிடாது இணைத்துவைக்கும். கலவையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்து ஏறும்போது புரதங்கள் இறுகி, கேக்கிற்கு முதுகெலும்பாய் நிற்கும். நிறமும் சுவையும் இவற்றுக்கு மேலதிகம். பாடசாலையொன்றில் ஒரே ஆசிரியர் கணிதமும் சங்கீதமும் கற்பித்து, நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் பார்த்துக்கொள்வது போன்ற நிலைமை இது. அவர் ஓய்வுபெற்றுச் சென்றால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வரார். எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும் என்று பார்த்தே நியமிக்கவேண்டும்.

இதனாற்றான் மசித்த வாழைப்பழம் சிலருக்குக் கைகொடுத்துச் சிலரைக் கைவிடுகிறது. கால் கோப்பைப் பழம் ஒரு முட்டைக்கு ஈடென்பர். அது ஈரத்தைக் காக்கும். மாவைச் சேர்த்துப் பிடிக்கும். காற்றைப் பிடித்துவைக்க அதனால் இயலாது. அன்றியும் எதைச் செய்தாலும் அது வாழைப்பழக் கேக்காகவே முடியும். தயிரோ மென்மையைத் தருவதோடு, தன் புளிப்பினால் அப்பச்சோடாவைப் பொங்கவும் வைக்கும்.

சில பண்டங்களைத் தொடாமல் விட்டுவிடுவதே மரியாதை. றவையும் கஜுவும் பன்னீரும் சேர்த்து, மஞ்சட் கருக்களை எண்ணி எண்ணி இட்டுச் செய்யும் லவ் கேக்கிலிருந்து முட்டையை நீக்கினால் மிஞ்சுவது வேறொரு இனிப்பு. வட்டிலப்பத்தில் தேங்காய்ப் பாலையும் கித்துள் கருப்பட்டியையும் உறையவைப்பதே முட்டைதான். அதனைக் கடற்பாசியிட்டு உறையவைத்தால் அது கடற்பாசிப் பண்டம், வட்டிலப்பம் அன்று.

இனி, முட்டையில்லாப் பண்டம் ஏழையின் போலிச்சரக்கு என்பாருக்கு ஒரு செய்தி. எம் வீட்டு அலுமாரிகளில் இருக்கும் கஸ்டர்ட் பவுடருக்கு வித்திட்டவர் பேர்மிங்காம் நகரில் மருந்துக் கடை வைத்திருந்த அல்பிரட் பேர்ட். கஸ்டர்ட் என்பது முட்டையால் உறையும் பண்டம். அவருடைய மனைவிக்கு முட்டை ஒவ்வாது. ஆகவே 1837 இல் சோளமாவைக் கொண்டு முட்டையின்றியே கஸ்டர்ட் இறுகும் வழியைக் கண்டார். அவ்வம்மையாருக்கு நொதியமும் ஒவ்வாதாகையால், 1843 இல் நொதியமின்றி மாவைப் பொங்கச் செய்யும் பேக்கிங் பவுடரையும் ஆக்கினார். ஒரு பெண்ணையும் மேசையில் அமரச் செய்வதற்காகப் பிறந்த இரு பொருள்களை இன்று உலகமே பயன்படுத்துகிறது. அவற்றை எவரும் குறைவாகப் பேசுவதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டை என்ற பங்கீடு 1941 இல் வந்தது. அது நீங்கியது 1953 இல். அக்காலத்து இல்லத்தரசியர் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கொண்டு கேக்கைப் பொங்கவைத்தனர். எமக்கும் அத்தகைய காலம் வராமலில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் முட்டைக்கு அரசாங்கம் உச்ச விலை விதித்ததையும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானதையும் நாம் மறந்துவிடவில்லை.

அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பு ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. 2014 இல் ஜோயல் ரொசெல் என்னும் பிரெஞ்சுப் பாடகர், பயறினங்களை அவித்த நீரை அடித்தால் வெண்கருவைப் போலவே நுரைக்கும் என்று கண்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அமெரிக்கர் ஒருவர் அந்நீருக்கு 'அக்குவாபாபா' என்று பெயர் சூட்டினார். நீர், அவரை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொற்களின் கூட்டு அது. நவராத்திரி ஒன்பது நாளும் கடலை அவித்துப் படைக்கும் நாம், அந்நீரைத் தலைமுறை தலைமுறையாக வாழையடியில் ஊற்றி வந்திருக்கிறோம்! உப்பிடாமல் அவித்து, நீரை வற்றவைத்து, வெண்கருவின் பதத்துக்கு வந்ததும் ஆறவிடவேண்டும். மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டையின் வேலையைச் செய்யும். நுரைக்கும் தொழிலில் இதற்கு நிகர் வேறில்லை.

எங்கள் வீட்டில் மாமிக்கு முட்டையும் மச்சமே. பேரப்பிள்ளைகள் கேக் வெட்டி ஊட்டவரும்போது, துண்டத்தை வாயருகே கொண்டுபோய்விட்டுக் குழந்தைக்கே திருப்பி ஊட்டிவிடுவது அவர் வழக்கம். எவரும் அதைப் பேசியதில்லை. சென்ற ஆண்டு மகளின் பிறந்தநாளுக்குப் போர்க்காலத்துக் கேக்கையே செய்வதென்று தீர்மானித்தேன். ஒன்றரைக் கோப்பைக் கோதுமை மா, ஒரு கோப்பைச் சீனி, மூன்று மேசைக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, சிட்டிகை உப்பு. இவற்றோடு ஒரு கோப்பை நீர், மூன்றிலொரு கோப்பை எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. போத்தலைக் கையில் எடுத்ததும் மாமி கேட்டார்:

"பிள்ளை, இந்த வினாகிரி எதிலையிருந்து செய்யிறது?"

தென்னங்கள்ளைப் புளிக்கவைத்துச் செய்த வினாகிரி அது. சொன்னேன்.

"முட்டையை விலத்திப்போட்டுக் கள்ளையே சேர்க்கப் போறீர்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் கேள்வி கேள்விதான். முற்றத்துத் தேசிமரத்திற் பறித்த இரண்டு காய்களின் சாறு வினாகிரியின் இடத்தைப் பிடித்தது. புளிப்புத்தானே சோடாவுக்கு வேண்டுவது? கலந்ததும் குமிழி எழத் தொடங்கிவிடுமாகையால், சுணங்காமல் தட்டில் ஊற்றிப் போறணைக்குள் வைக்கவேண்டும். 180 பாகையில் 35 நிமிடமளவில் வெந்துவிடும். முட்டையின் பிடிமானம் இல்லாததால் சூட்டோடு வெட்டினால் உதிரும், நன்கு ஆறவிடவேண்டும்.

மாமி இரண்டு துண்டம் உண்டார். இனிப்புச் சற்றுக் கூடிவிட்டதென்றார். வருகிற நவராத்திரிக்குக் கடலை அவிக்கும் நீரை ஊற்றிவிடாமல் எடுத்துவைக்கும்படியும் சொல்லியிருக்கிறார்.