பாடத்தலைப்பு இல்லாத வினாத்தாள்

கணிதத் தேர்வு முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் ஆண்டுதோறும் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "எல்லாம் தெரிந்த கணக்குதான், தேர்வறையில் தோன்றவில்லை." பெரும்பாலான வீடுகளில் இது சாக்குப்போக்காகவே கொள்ளப்படுகிறது. கவனக்குறைவு, கைப்பேசி, பதற்றம் எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. பிள்ளை சொல்வது உண்மையாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்போர் குறைவு. வீட்டில் அந்தக் கணக்கு தெரிந்துதான் இருந்தது. ஆனால், வீட்டில் செய்த பயிற்சியும் தேர்வில் கேட்கப்பட்டதும் ஒன்றல்ல.

பத்தாம் வகுப்பின் அளவியல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் புறப்பரப்புக்கு ஒரு பயிற்சி, கனஅளவுக்கு ஒரு பயிற்சி எனத் தனித்தனியே அமைந்துள்ளன. கனஅளவுப் பயிற்சியைத் திறந்து வைத்திருக்கும் மாணவர் வினாவை முழுமையாகப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆரம், உயரம் ஆகிய எண்களைத் தேடியெடுத்துச் சூத்திரத்தில் இட்டால் விடை வந்துவிடும். பத்துக் கணக்குகளும் சரியாக வந்ததும், பாடம் கைவந்துவிட்டது என்ற நிறைவு ஏற்படுகிறது.

தேர்விலோ இப்படி ஒரு வினா வருகிறது: 7 மீட்டர் ஆரமும் 24 மீட்டர் உயரமும் கொண்ட கூம்பு வடிவக் கூடாரத்துக்கு எவ்வளவு துணி தேவை? பழகிய கை கனஅளவைக் கணக்கிட்டு 1,232 கன மீட்டர் என்று எழுதிவிடுகிறது. பெருக்கலில் பிழையில்லை, சூத்திரமும் பிறழவில்லை. ஆனால், துணி என்பது பரப்பு. முதலில் சாயுயரம் 25 மீட்டர் எனக் கண்டு, பிறகு வளைபரப்பு 550 சதுர மீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். இந்த மாணவருக்கு இரண்டு சூத்திரங்களும் மனப்பாடம். எதை எடுப்பது என்று முடிவு செய்வதில் மட்டும் அவருக்குப் பயிற்சி இல்லை. ஏனெனில், அந்த முடிவை அதுவரை பயிற்சியின் தலைப்பே அவருக்காக எடுத்துவந்தது.

அமெரிக்காவின் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டக் ரோரர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். கெல்லி டெய்லருடன் இணைந்து அவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவைக் காணக் கற்றனர். ஒரு பிரிவினர் ஒவ்வொரு வகையையும் தொடர்ச்சியாகச் செய்து முடித்து அடுத்ததற்குச் சென்றனர். மற்றொரு பிரிவினருக்கு நான்கு வகைகளும் கலந்து தரப்பட்டன. பயிற்சியின்போது முதல் பிரிவினர் 89 சதவீதமும், கலந்து செய்தவர்கள் 60 சதவீதமும் சரியாகச் செய்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நிலைமை தலைகீழானது: முதல் பிரிவினர் 20 சதவீதம், கலந்து செய்தவர்கள் 63 சதவீதம்.

இதில் இரண்டாவது இணை எண்களைவிட முதல் இணை எண்களே நம் கவனத்துக்குரியவை. பயிற்சி நேரத்தில் எளிதாக இருந்த முறைதான் பின்னர் கைவிட்டது. அதாவது, படிக்கும்போது தோன்றும் தன்னம்பிக்கை தேர்வுக்கான நம்பகமான அளவுகோல் அன்று. அலகுத் தேர்வில் 95 மதிப்பெண் பெற்ற பிள்ளை அரையாண்டுத் தேர்வில் 60-க்கு இறங்கும்போது பெற்றோர் அதிர்ச்சியடைகின்றனர். அலகுத் தேர்வு ஒரே பாடத்திலிருந்து நடத்தப்படுவது. எந்த முறையைக் கையாள வேண்டும் என்பது அங்கே முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அந்த 95 பொய்யன்று. ஆனால், அது அளந்தது வேறொன்றை.

கல்லூரிக் கூடத்தில் கிடைத்த முடிவு பள்ளி வகுப்பறைக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. ரோரர் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 54 ஏழாம் வகுப்புப் பிரிவுகளைச் சேர்ந்த 787 மாணவர்கள் பங்கேற்றனர். நான்கு மாதங்கள் இரு சாராரும் செய்தவை ஒரே கணக்குகள். வரிசை மட்டுமே வேறு. ஒரு மாதம் கழித்து நடந்த முன்னறிவிப்பில்லாத தேர்வில் கலந்து செய்தவர்கள் 61 சதவீதமும், மற்றவர்கள் 38 சதவீதமும் பெற்றனர்.

புதிய பாடத்தை முதல் நாளிலேயே கலக்க வேண்டும் என்பதில்லை. இருபடிச் சமன்பாட்டை அன்றுதான் கண்ட மாணவருக்குத் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளும், அதே வகையில் நான்கைந்து கணக்குகளும் கட்டாயம் தேவை. பிழை அதற்குப் பிறகு நேர்கிறது: அதே வகையில் இன்னும் இருபது கணக்குகளைச் செய்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு அந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பது. அந்த இருபதையும் வரும் வாரங்களில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் புதிய பாடத்தில் சிலவும் பழைய பாடங்களிலிருந்து சிலவுமாகச் செய்தால் கூடுதல் நூல் எதுவும் வேண்டியதில்லை. கூட்டுத்தொடர்வரிசையோடு பெருக்குத்தொடர்வரிசை, வடிவொத்த முக்கோணங்களோடு உயரங்களும் தொலைவுகளும் என, ஒன்றையொன்று போலத் தோற்றமளிப்பவற்றைச் சேர்ப்பது சிறப்பு. இரு கம்பங்களின் நிழல்களைத் தந்தால் ஒரு வழி. ஏற்றக்கோணத்தைத் தந்தால் வேறு வழி. அருகருகே வைக்கும்போதுதான் அந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும்.

ஒரு சிறு எச்சரிக்கை. புத்தகத்தைத் திறந்தாலே தலைப்பு தெரிந்துவிடும். ஆகவே, முடித்த பாடங்களின் வினாக்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, நாள்தோறும் ஐந்தாறு எடுப்பது பழைய முறையாயினும் பயனுள்ளது. முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் இதற்கு ஏற்றவை. அவற்றை ஏன் ஜனவரி வரை பூட்டி வைக்கிறோம் என்பதுதான் புரியவில்லை.

கைடு நூல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீர்வை வரிவரியாகப் படித்து "புரிகிறது" என்று தலையசைப்பதற்கும், வெற்றுத்தாளில் அதைத் தானே கொண்டுவருவதற்கும் உள்ள தொலைவு பெரிது. ஒரு கணக்கைப் பார்த்து ஐந்து முறை எழுதுவதும் கைக்குத் தரும் வேலையே. எடுத்துக்காட்டைப் படித்தபின் மூடி வைத்துவிட்டு எழுத வேண்டும். தடைப்பட்டால், தடைப்பட்ட அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மீண்டும் மூட வேண்டும். அடுத்த நாள் மறுபடியும் முயல வேண்டும். இது எரிச்சலூட்டும் வேலை என்பதை மறுப்பதற்கில்லை. கலந்து செய்யும்போது வேகம் குறையும், தவறுகள் கூடும். அதைக் கண்டு "பிள்ளை மந்தமாகிவிட்டான்" என்று வீட்டார் முடிவு கட்டினால் எந்த மாணவரும் பழைய முறைக்கே திரும்பிவிடுவார். சென்டம் ஒன்றையே விளம்பரமாகக் கொண்ட பயிற்சி நிலையங்களுக்கும் இந்தத் தொடக்கக் காலத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள மனம் வருவதில்லை.

திருத்தும்போதும் தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்று பார்ப்பது அவசியம். வழியைச் சரியாகத் தேர்ந்து கூட்டலில் தவறியவருக்கு வேண்டியது நிதானம். வழியையே தவறாகத் தேர்ந்தவருக்கு இன்னும் நூறு கூட்டல்கள் கொடுத்துப் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோட்டை இழுத்து "கவனக்குறைவு" என்று எழுதிவிடுவது நம் வழக்கம்.

பொதுத்தேர்வில் எழுதத் தொடங்குவதற்கு முன் வினாத்தாளைப் படித்துப் பார்ப்பதற்கென்றே நேரம் ஒதுக்கப்படுகிறது. பலர் அதைத் தெரிந்த கணக்குகளைத் தேடுவதிலேயே கழித்துவிடுகின்றனர். வாரம் ஒருமுறை, வெவ்வேறு பாடங்களிலிருந்து இருபது வினாக்களைக் கொடுத்து, எதையும் தீர்க்காமல், ஒவ்வொன்றுக்கும் எதைக் காண வேண்டும், எந்த முறையில் காண வேண்டும் என்று மட்டும் ஒரு வரியில் எழுதச் சொல்லலாம். வகுப்பில் கால்மணி நேரம் போதும். விடைகளை ஆசிரியர் திருத்த வேண்டியதுகூட இல்லை. பக்கத்து மாணவர் வேறு முறையை எழுதியிருந்தால், இருவரில் யார் சொல்வது சரி என்ற விவாதம் தானாகவே தொடங்கிவிடும்.