திறந்த மூலக் கணினிகளிற் புளூடூத் கோளாறுகள்: ஒரு விளக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்ட மேசைக் கணினியொன்றிலே புளூடூத் அடாப்டரைச் செருகிய பின்னரும் ஹெட்போனோ விசைப்பலகையோ இணையாதுவிடின், திறந்த மூல மென்பொருளின் குறைபாடே அதற்குக் காரணம் என முடிவுகட்டுவோர் பலர். கோளாறு எவ்விடத்தில் உண்டாகின்றது என்பதைப் படிமுறையாக நோக்கின், இம்முடிவு பல வேளைகளிற் பொருந்தாதென்பது புலனாகும்.

அடாப்டரின் இயக்கம் நான்கு அடுக்குகளிலே தங்கியுள்ளது. முதலாவது, யு.எஸ்.பி. துவாரத்திற் செருகப்படும் வன்பொருள். இரண்டாவது, லினக்ஸின் கருநிரலினுள் அமைந்து அவ்வன்பொருளை இயக்கும் செலுத்தி. மூன்றாவது, அடாப்டரின் சில்லினுள்ளே ஏற்றப்படும் நிலைபொருள். நான்காவது, சாதனங்களைத் தேடி இணைக்கும் புளூஸெட் சேவை. புளூஸெட்டின் கருநிரற் பகுதி 2001 ஆம் ஆண்டில் லினக்ஸ் 2.4.6 உடன் சேர்க்கப்பட்டது. இரண்டாவதும் நான்காவதும் யாவரும் வாசித்துத் திருத்தத்தக்கவை. மூன்றாவதோ பெரும்பாலும் உற்பத்தி நிறுவனத்தின் மூடிய உடைமையாகும். இவ்வேறுபாடு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆய்வு கீழடுக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும். யு.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையில் அடாப்டர் தோன்றாவிடின், வேறு துவாரத்திற் செருகிப் பார்க்கலாம். தோன்றினும் அது தரும் அடையாள எண்ணை முற்றாக நம்பவியலாது. கேம்பிரிட்ஜ் சிலிக்கன் ரேடியோ நிறுவனத்தின் எண்ணைத் தாங்கிய போலிச் சில்லுகள் மலிவான அடாப்டர்கள் பலவற்றில் உள்ளன. தம்மிடம் உள்ளனவாக அவை அறிவிக்கும் வசதிகள் சில உண்மையில் அவற்றில் இல்லை. இப்போலிகளை இனங்கண்டு ஈடுசெய்யும் நிரல் 2020 இல் லினக்ஸ் கருநிரலிற் சேர்க்கப்பட்டது. எனவே பழைய கருநிரலைப் புதுப்பித்தலும் ஒரு பரிகாரமே.

அடுத்து நிலைபொருளை நோக்குவோம். மின்சாரம் கிடைக்குந்தோறும் பல அடாப்டர்களுக்கு இக்கோப்பு கணினியிலிருந்தே வழங்கப்படல் வேண்டும். கோப்பு இல்லாதவிடத்து, கருநிரலின் குறிப்பேட்டைக் காட்டும் 'டிமெசெக்' கட்டளை, தேடிக் கிடைக்காத கோப்பின் பெயரையே தெரிவிக்கும். அக்கோப்பைக் கொண்ட பொதியை நிறுவினாற் குறை நீங்கும். விண்டோஸும் லினக்ஸும் நிறுவப்பட்ட கணினியில், விண்டோஸிலிருந்து மீளத் தொடக்கும்போது மட்டும் அடாப்டர் இயங்கி, மின்னிணைப்பைத் துண்டித்துத் தொடக்கும்போது இயங்காதிருப்பதும் உண்டு. விண்டோஸ் ஏற்றிய நிலைபொருள் மின்சாரம் உள்ளவரை சில்லிலே தங்கியிருப்பது இதற்குக் காரணமாகலாம்.

மேலடுக்குக் கோளாறுகள் எளியவை. 'ஆர்எஃப்கில்' கட்டளை, வானொலி மென்பொருளாலோ ஆளியாலோ தடுக்கப்பட்டுள்ளதா என்பதைக் காட்டும். 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையால் சேவை இயங்குகின்றதா என அறியலாம். முன்னர் இணைந்த சாதனம் இப்போது மறுப்பின், பழைய இணைப்பை இருபுறத்திலும் அழித்து மீண்டும் இணைத்தல் தகும்.

இணைந்த பின்னர் ஒலி அறுபடுமாயின் சூழலையும் ஆராய வேண்டும். புளூடூத், வைஃபை வலையமைப்புகள் பலவும் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகின்றது. அதன் மரபு வடிவம் 79 தடங்களிடையே செக்கனுக்கு 1,600 தடவை தாவி இடையூற்றைத் தவிர்க்க முயல்கின்றது. எனினும் யு.எஸ்.பி. 3 துவாரங்கள் இதே அலைவரிசையில் இரைச்சலைப் பரப்புவதால், சிறு நீட்டிப்பு வடத்தால் அடாப்டரை அப்பால் வைப்பது பயன்தரும்.

இதுவரை நோக்கியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. திறந்த அடுக்குகளிலே கோளாற்றின் காரணம் பயனருக்கு எட்டும் இடத்திலுள்ளது. போலிச் சில்லின் பிழையைக்கூடத் தன்னார்வலர் ஈடுசெய்ய முடிந்தது. மூடிய நிலைபொருளிலோ கோப்பின் பெயரை அறியலாமேயன்றி உள்ளடக்கத்தைத் திருத்தவியலாது. நிறுவனம் வழங்குவதை ஏற்பதே எஞ்சும் வழி. இம்முரண்பாடு திறந்த மூல இயக்கத்தினுள்ளும் விவாதத்துக்குரியதாயிற்று. நிறுவற் பதிப்புகளிலே மூடிய நிலைபொருளையும் சேர்ப்பதென டெபியன் அமைப்பினர் 2022 இல் வாக்களித்து முடிவுசெய்தனர். 2023 இல் வெளிவந்த 12 ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. இது சாதாரண பயனரின் இடரைக் குறைத்ததெனினும், சில்லின் மீதான உரிமை யாருடையது என்னும் வினாவைத் தீர்த்துவிடவில்லை. ஆகவே அடாப்டரை வாங்குமுன் அதன் விலையை மட்டுமன்றி, அதிலுள்ள சில்லு எது, அதன் நிலைபொருள் எவ்வாறு கிடைக்கின்றது என்பனவற்றையும் விசாரித்தறிதல் அவசியமாகும்.